முப்பத்தொன்று முதல் முப்பத்துமூன்று வரை

1986 ஜூன் 12, வியாழன்

பாலாறு வறண்டு கிடக்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை மறுபடியும் ஏறியிருக்கிறது. காலையில் மூன்று டிரம்களில் இருந்த தோல்களின் குரோம் அளவைப் பார்த்தேன். இரண்டு சரி. மூன்றாவது லாட்டைத் திரும்ப டிரம்மில் போட்டு ஓட்டச் சொன்னேன். மேஸ்திரி முனகினார். முனகட்டும்.

மதியம் வக்கீல் வில்சனின் குமாஸ்தா வந்து, திங்கட்கிழமை வேலூர் ஜில்லா கோர்ட்டில் என் மனு விசாரணைக்கு வருவதாகச் சொல்லிப் போனார். நகலை எடுத்து நான்காவது முறையாகப் படித்தேன். மனுதாரர் ஜெபராஜ், வயது 56, ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் தலைமை வேதியியலாளர். எதிர்மனுதாரர் ஜெயசீலி, வயது 29, நர்ஸ், மனுதாரரின் இறந்துபோன மகன் சாந்தகுமாரின் மனைவி. மைனர் டோரதி, அவர்கள் மகள், வயது 7. தங்கை கிரேஸி நீங்கலாக, என் குடும்பத்தில் மிஞ்சியது இவ்வளவே.

குழந்தையை அவளிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்பது மனு. காரணத்தை வில்சன் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். எனக்கு ஒரு வரி போதும். அவள் என் மகனின் மருந்தைத் திருடினாள்.

போன செப்டம்பரில் நான் லீவு போட்டுவிட்டு வேலூர் பாகாயத்தில் அவர்கள் வீட்டிலேயே ஆறு வாரம் தங்கியிருந்தேன். சாந்தகுமாருக்கு எலும்பில் புற்று. மதியம் ஒரு ஆம்பூல் மார்ஃபின் ஊசி என்று டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். போடுகிறவள் இவள். என் கண்ணால் பார்த்தேன்: ஆம்பூலை உடைப்பாள், பாதியை ஒரு சிரிஞ்சில் ஏற்றி அவனுக்குப் போடுவாள். மீதிப் பாதியை இன்னொரு சிரிஞ்சில் ஏற்றி, எவர்சில்வர் டப்பாவில் வைத்து மூடி, தன் கைப்பைக்குள் போட்டுக்கொள்வாள். நாலு மணிக்கெல்லாம் அவனுக்கு வலி ஆரம்பித்துவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு கட்டில் சட்டத்தைப் பிடித்தபடி கிடப்பான்; பார்க்க முடியாமல் நான் வெளியே போய்விடுவேன். முப்பத்தொரு வயது. கணக்கு வாத்தியார். அக்டோபரில் போய்விட்டான்.

எப்படிம்மா மனசு வந்துச்சு உனக்கு?


ஜூன் 16, திங்கள்

வேலூர். வழக்கு இருபது நிமிடம்தான் நடந்தது. ஜெயசீலிக்கு மார்ஃபின் பழக்கம் உண்டா என்று சோதிக்க உத்தரவிட வேண்டும் என்று வில்சன் கேட்டார். அவளுடைய வக்கீல் எழுந்து ஆட்சேபிக்கத் தொடங்கினார். நீதிபதி அவரை நிறுத்திவிட்டு, அவளையே கேட்டார்.

“எடுத்துக்கங்க ஐயா. இப்பவே வேணும்னாலும் எடுத்துக்கங்க.”

வில்சன் என் பக்கம் சாய்ந்து, “நடிப்பு சார்” என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவளுக்கு ஊசி தெரியும், வேதியியல் தெரியாது. அவ்வளவுதான்.

ஆற்காடு ரோட்டில் உள்ள தனியார் பரிசோதனைக்கூடம் ஒன்றுக்கு உத்தரவு. பெயர் இல்லாமல், கூடத்தின் வரிசை எண்ணை மட்டும் ஒட்டிச் சிறுநீர் மாதிரி போகும். நல்ல ஏற்பாடு. முறையும் எனக்குத் தெரிந்ததுதான். மாதிரியிலிருந்து சாறு பிரித்து, சிலிக்கா பூசிய கண்ணாடித் தகட்டின் ஓரத்தில் ஒரு சொட்டு வைத்துக் கரைப்பானில் நிறுத்துவார்கள். கரைப்பான் மேலே ஏற ஏற, ஒவ்வொரு பொருளும் தனக்குரிய உயரத்தில் நின்றுவிடும். பிறகு மருந்து தெளித்தால் மார்ஃபின் இருக்கிற இடத்தில் நீலக்கறை எழும்.

சாட்சிகள் அழுவார்கள், சத்தியம் செய்வார்கள். தகடு அதெல்லாம் செய்யாது. மனிதர்களிடம் இல்லாத இந்த ஒழுங்குக்காகத்தான் நான் இருபதாவது வயதில் வேதியியலை எடுத்துக்கொண்டேன்.


ஜூன் 17, செவ்வாய்

மாதிரி எடுத்தாகிவிட்டது என்று குமாஸ்தா சொல்லியனுப்பினார்.


ஜூன் 26, வியாழன்

மார்ஃபின் இருக்கிறது.

தொழிற்சாலை போனில் வில்சன் சொன்னார். “கங்க்ராஜுலேஷன்ஸ் சார்” என்றார். போனை வைத்துவிட்டு ஜன்னலருகில் நின்றேன். கீழே வண்டியிலிருந்து தோல் இறங்கிக்கொண்டிருந்தது. சந்தோஷம் இல்லை. ஒரு கணக்கு, நான் எதிர்பார்த்த விடையிலேயே வந்து முடிந்திருக்கிறது.

ஒன்பது மாதமாக நெஞ்சில் இருந்ததற்கு இன்று சீல் வைத்த காகிதம் கிடைத்துவிட்டது. அவன் கட்டில் சட்டத்தைப் பிடித்த கை. அவள் கைப்பை மூடிய சத்தம். இரண்டுக்கும் நடுவே இருந்தது நீலக்கறை.


ஜூன் 30, திங்கள்

இடைக்கால உத்தரவு. இறுதி விசாரணை முடியும்வரை குழந்தை என் பொறுப்பில். தாய் ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், ஆம்பூரில் எங்கள் போதகர் வீட்டில் இரண்டு மணி நேரம் பார்க்கலாம்.

கோர்ட் வராந்தாவிலேயே ஒப்படைத்தாள். அழவில்லை. டோரதியின் பையைத் திறந்து என் தங்கை கிரேஸியிடம் ஒவ்வொன்றாகக் காட்டினாள்: “இது இருமல் மருந்து. இது காதுக்கு. பால்ல ஏடு இருந்தா குடிக்காது அத்தை.” கிரேஸி கல்யாணம் செய்துகொள்ளாமல் என்னோடு இருப்பவள், டீச்சர், யாருக்கும் அசையாதவள். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு நின்றாள்.

என் பக்கம் ஜெயசீலி ஒரு முறைதான் திரும்பினாள். “நான் எதையும் போட்டுக்கல மாமா. அது எப்படி வந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”

தெரியாதாம். தகட்டுக்குத் தெரிகிறது.


ஜூலை 6, ஞாயிறு

போதகர் வீட்டில் முதல் சந்திப்பு. இரண்டு மணி நேரம் என்பதை நான் கடிகாரத்தில் பார்த்து முடித்தேன். போதகர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். உத்தரவு என்னுடையதல்ல, நீதிமன்றத்தினுடையது என்றேன்.


ஜூலை 10, வியாழன்

டோரதியைக் கிரேஸியின் பள்ளியிலேயே சேர்த்தாகிவிட்டது. நாலு மணிக்கு வருகிறாள். இன்று நான் ஆபீசிலிருந்து சீக்கிரம் வந்து நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். என் முழங்காலைத் தட்டினாள்.

“தாத்தா, தூங்காதீங்க. வாய்ப்பாடு ஒப்பிக்கணும்.”

“அப்புறம் ஒப்பி.”

“நாலு மணிக்குத்தான் ஒப்பிக்கணும். அப்பா அப்பத்தான் முழிச்சிருப்பாரு. முழுசா ஊசி போட்டா தூங்கிடுவேன், எனக்கு வேணாம், பாப்பா வர்ற நேரம்னு அம்மாகிட்ட சண்ட போடுவாரு.”

அஞ்சாம் வாய்ப்பாட்டை முழுக்க ஒப்பித்தாள். எனக்கு மனம் ஓடவில்லை. குழந்தைக்கு இதை யாரோ சொல்லிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஞாயிறன்று போதகர் வீட்டில் என்ன பேசப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும்.


ஜூலை 14, திங்கள்

பக்கத்து வீட்டு ஹலீமா பீ, டோரதிக்குச் சேமியா கொண்டுவந்தவள், வாசலிலேயே நின்றுகொண்டாள்.

“இன்னா சார், உங்க மருமவள பாட்டில்ல புடிச்சுப் பாத்து அபின்னு சொல்ட்டாங்களாமே?”

“மார்ஃபின். அபினிலிருந்து எடுப்பது.”

“எல்லாம் ஒண்ணுதான் சார். எங்க பெரிய மாமூ அபின் தின்னாரு, இருவது வருசம். கைல டம்ளர் நிக்காது. ஞாயித்துக்கெழம உங்க மருமவ கோயிலுக்கு வர்றத பாத்தேன். துரைசானி மாதிரி நேரா நடந்து வருது.”

நடையைப் பார்த்து முடிவு செய்வது அறிவியல் அல்ல என்றேன்.

“அறிவியல் இன்னாத்துக்கு சார், அல்லா ரெண்டு கண்ணு குடுத்துக்கீறான்” என்று சொல்லிவிட்டுக் காலிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு போனாள். கிரேஸி உள்ளே சிரித்தது எனக்குக் கேட்டது.


ஜூலை 22, செவ்வாய்

ஆகஸ்ட் 4 இறுதி விசாரணை. சோதனை முறையைக் கோர்ட்டுக்கு விளக்க என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றப்போவதாக வில்சன் எழுதியிருந்தார். “நீங்களே வேதியியலாளர், உங்களை யார் மடக்க முடியும்?” தயார் செய்துகொள்வதற்காகப் பரிசோதனைக்கூடத்தின் அறிக்கையையும் அதற்குப் பின்னால் இணைத்திருந்த வேலைத்தாளின் நகலையும் அனுப்பியிருந்தார்.

அறிக்கையில் எல்லாம் தட்டச்சு. ‘மாதிரி எண் 32. மார்ஃபின்: இருக்கிறது.’ கீழே டாக்டரின் கையெழுத்து. பிழை ஒன்றும் இல்லை.

வேலைத்தாள் கையால் எழுதியது. தகட்டின் படம், கறையின் உயரம், தேதி. ஓரத்தில் மாதிரி எண் இப்படி இருந்தது: 31, ஒரு கோடு, 33. கோட்டின் நடுவே ஒரு சிறு வட்டம்.

அரைமணி நேரம் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என்னுடையது.

இந்தக் குறியை நான் 1971-இல் எங்கள் லேப் நோட்டுக்காக ஏற்படுத்தினேன். ஒரு லாட் என்றால் ஒரே டிரம்மில், ஒரே சாயத்தில், ஒரே நாளில் பதப்பட்ட தோல்கள். ஒவ்வொரு தோலையும் தனியாகச் சோதித்தால் ரசாயனமும் நேரமும் போதாது. அதனால் ஐந்தாறு தோல்களின் வால் பக்கத்திலிருந்து துண்டு வெட்டி, எல்லாவற்றையும் நறுக்கி ஒன்றாகக் கலந்து, ஒரே சோதனை செய்வோம். கலவை என்பதைக் காட்ட முதல் எண், கோடு, கடைசி எண், நடுவில் வட்டம். கிடைக்கும் விடை எல்லாத் தோலுக்கும் பொருந்தும், ஏனென்றால் அவை எல்லாம் ஒரே டிரம்மில் கிடந்தவை.

இந்தக் குறியை வேறெந்தப் புத்தகத்திலும் காண முடியாது. என் லேபுக்கு வெளியே இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் இல்லை. வில்சன் இதைப் பார்த்திருக்கிறார், எதிர்த்தரப்பு வக்கீல் பார்த்திருக்கிறார், நீதிபதி பார்த்திருக்கிறார். எல்லாரும் வரிசை எண் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறார்கள்.

எழுதியவன் யார்? அந்த 3-இன் தலை தட்டையாக இருக்கிறது. காசிநாதன். 1972 முதல் எட்டு வருடம் என்னிடம் உதவியாளனாக இருந்தவன்; பிறகு வேலூரில் ஏதோ லேபில் சேர்ந்ததாகக் கேள்வி.


ஜூலை 23, புதன்

உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வேலூருக்கு பஸ் ஏறினேன். என் சர்வீஸில் முதல் பொய். விரிஞ்சிபுரம் வரை இது வேறு ஏதோ குறியாக இருக்கக் கூடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு போனேன்.

காசிநாதன் என்னைக் கண்டதும் ஸ்டூலிலிருந்து எழுந்தான். நாற்பது ஆகப்போகிறது, வழுக்கை விழுந்திருக்கிறது. “சார்! எங்க லேபுக்கா? உக்காருங்க சார், டீ சொல்றேன்.” டீ வேண்டாம் என்றேன். வேலைத்தாளை மேசையில் விரித்து வட்டத்தின் மேல் விரல் வைத்தேன்.

அவன் முகம் மலர்ந்தது. அதை நான் மறக்க மாட்டேன். “ஞாபகம் இருக்கா சார்? உங்க குறிதான். இங்க வந்தும் விடல நான். இங்க இருக்கறவங்களுக்கு ஒண்ணும் புரியாது.”

“மூன்றையும் கலந்தாயா?”

“ஆமா சார். குளோரோஃபார்ம் ஸ்டாக் கம்மி. ஒண்ணொண்ணா ஓட்டினா ஒரு வாரத்துக்குத் தாங்காது. உங்க மெத்தட்தான். நெகட்டிவ் வந்தா மூணும் நெகட்டிவ், ஒரே தகட்டுல வேலை முடிஞ்சிரும்.”

“பாசிட்டிவ் வந்தால்?”

“தனித்தனியா மறுபடியும் ஓட்டணும்.”

“ஓட்டினாயா?”

அப்போதுதான் என் குரல் அவனுக்கு எட்டியது. “அன்னிக்குக் கோர்ட்டுலேர்ந்து ஆள் வந்து உக்காந்துட்டான் சார். இப்பவே வேணும்னான். டாக்டர் மூணு ரிப்போர்ட்டும் டைப் அடிக்கச் சொல்லிட்டாரு. மறுநாள் ஓட்டலாம்னுதான் இருந்தேன்... அப்புறம் விட்டுப்போச்சு.”

“31 யார்? 33 யார்?”

ரிஜிஸ்டரைத் திறந்தான். 31, அபின் பழக்கத்தை நிறுத்தச் சிகிச்சைக்கு வந்து படுத்திருந்த லாரி டிரைவர். 33, பஸ் கம்பெனிக்குக் கண்டக்டராகச் சேர இருந்த, திமிரி ஊர்ப் பையன் ஒருவன். அவனுக்கும் மார்ஃபின் இருப்பதாகத்தான் அறிக்கை போயிருக்கிறது. வேலை கொடுக்கவில்லையாம். நடுவில் 32.

மாதிரிகளில் மீதி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். வாரம் ஆனதும் கொட்டிவிடுவார்களாம்.

“32 யாரு சார்? உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?”

“சாந்தகுமாரின் மனைவி.”

சாந்தகுமாரை அவனுக்குத் தெரியும். காலேஜ் விட்டதும் லேபுக்கு வந்து, இவன் ஸ்டூலில் உட்கார்ந்து கணக்குப் போடுவான். காசிநாதன் ரிஜிஸ்டரை மூடினான், மறுபடி திறந்தான், மறுபடி மூடினான். “ஐயோ சார்... நீங்க சொல்லிக் குடுத்ததுதானே சார்...”

அவன் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். தோல் ஒரு டிரம்மில் கிடக்கும், மனிதர் கிடக்க மாட்டார். இதைத் தனியாக ஒருவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எட்டு வருடத்தில் எனக்குத் தோன்றவில்லை.


ஜூலை 24, வியாழன்

நிதானமாக யோசிக்கிறேன்.

கலவையில் மார்ஃபின் இருந்தது என்பதால் அவளிடம் இல்லை என்று ஆகாது. டிரைவரிடம் மட்டும் இருந்திருக்கலாம். இருவரிடமும் இருந்திருக்கலாம். மூவரிடமும் இருந்திருக்கலாம். அறிக்கை பொய் என்பது அவள் உண்மை என்பதற்குச் சான்று அல்ல. நான் கண்ணால் பார்த்த அந்த எவர்சில்வர் டப்பா அப்படியே இருக்கிறது.

இப்படி எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். வில்சன் எழுதியது போல் இருக்கிறது.


ஜூலை 25, வெள்ளி

வில்சனிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்தினார்.

“சார், அந்த வட்டம் உங்களுக்குத் தெரியும். காசிநாதனுக்குத் தெரியும். அவன் சொல்வானா? வேலை போய்டும். அப்ப யாருக்குத் தெரியும்?”

“எனக்கு.”

“நீங்க மனுதாரர் சார்! குழந்தை உங்க வீட்ல இருக்கு. ஸ்கூல்ல சேத்தாச்சு. நாலாந்தேதி போனீங்கன்னா, தகடு எப்படி வேலை செய்யுதுன்னு பாடம் நடத்துங்க, இறங்கி வாங்க. பொய் சொல்லச் சொல்லல. கேட்காததைச் சொல்லாதீங்கன்றேன். சரி, அவ்ளோ பேஜாரா இருந்தா, புதுசா ஒரு டெஸ்ட்டுக்கு பெட்டிஷன் போடறேன்.”

ஆகஸ்டில் எடுக்கும் சிறுநீர் ஜூனைப் பற்றி எதுவும் சொல்லாது, போன செப்டம்பரைப் பற்றி அதைவிடவும் சொல்லாது என்றேன். இரண்டொரு நாளில் உடம்பை விட்டுப் போய்விடும் பொருள் அது. இனி எந்தத் தகடும் அவளைக் குற்றவாளி ஆக்காது, விடுவிக்கவும் செய்யாது.

“அப்ப ரொம்ப நல்லதாப் போச்சு. இருக்கற ரிப்போர்ட்டே இருக்கட்டும்.”

மாலை வீட்டில் கிரேஸியிடம் சொன்னேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

“நீ ஜெயிக்கணும்னா ஜெயிச்சிக்கோ அண்ணா. ஆனா எனக்கு ஒண்ணு சொல்லு. அந்த மீதி ஊசி எங்க போச்சுன்னு அவகிட்ட ஒரு நாளாவது கேட்டியா? ஆறு வாரம் ஒரே வீட்ல இருந்தியே.”

“கேட்டால் பொய் சொல்லியிருப்பாள்.”

“கேட்டியா, இல்லையா?”


ஜூலை 27, ஞாயிறு

போதகர் வீட்டு முற்றத்தில் ஜெயசீலி டோரதிக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். இரண்டு மணி நேரம் முடிந்ததும் தானாகவே எழுந்து குழந்தையை என்னிடம் அனுப்பினாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்திருக்கலாம். இங்கே சொன்னால் அது உபகாரம் ஆகிவிடும், கூண்டில் சொன்னால்தான் சாட்சியம் என்று ஒரு காரணம் கற்பித்துக்கொண்டேன்.

காரணம் அது இல்லை. டோரதியை இன்னும் ஒரு வாரம் வைத்துக்கொள்ள விரும்பினேன்.


ஆகஸ்ட் 1, வெள்ளி

அஞ்சு முடிந்தது. ஆறாம் வாய்ப்பாடு தொடங்கியிருக்கிறாள்.


ஆகஸ்ட் 4, திங்கள்

நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன்.

வில்சன் முறையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். கறையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். “வேறொன்றுமில்லை” என்று அவர் உட்காரப் போனபோது, வேலைத்தாளைப் பார்க்க அனுமதி கேட்டேன். நீதிபதி கொடுத்தார். வில்சன் தரையைப் பார்த்தார்.

வட்டத்தைக் காட்டினேன். அது என்ன, எதற்காக ஏற்பட்டது, யார் ஏற்படுத்தியது, யாருக்குச் சொல்லிக் கொடுத்தது என்பதைச் சொன்னேன். 31 யார், 33 யார் என்பதையும், அந்தக் கண்டக்டருக்குப் போன வேலையையும் சொன்னேன்.

நீதிபதி: “அப்படியானால் எதிர்மனுதாரர் மருந்து எடுத்துக்கொள்ளவில்லை என்கிறீர்களா?”

“அப்படியும் சொல்லவில்லை. அந்தச் சோதனை அவளைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை என்கிறேன்.”

இதைச் சொன்னபோதும் எனக்கு அவள் மேல் இரக்கம் வரவில்லை. உள்ளதை எழுத வேண்டும். ஒரு லாட்டைத் திரும்ப டிரம்முக்கு அனுப்புகிற குரலில்தான் பேசினேன்.

அவளுடைய வக்கீல் எழுந்தார். மனுவில் உள்ள பாதி ஊசியைப் பற்றி ஒரே கேள்வி: “மீதியை என்ன செய்தாள் என்று அவளிடம் கேட்டீர்களா?”

“கேட்கவில்லை.”

“உங்கள் மகனிடம்?”

கிரேஸிகூட இதைக் கேட்கவில்லை. என் மகன் பேசிக்கொண்டிருந்தான். சாவதற்கு நாலு நாள் முன்வரை பேசினான். அவனிடம் கேட்டிருக்கலாம்.

“கேட்கவில்லை.”

நீதிபதி ஜெயசீலியைப் பார்த்து, நீங்கள் சொல்கிறீர்களா என்றார். அவள் எழுந்து நின்றாள். என்னைப் பார்க்காமல் நீதிபதியிடம் மட்டும் பேசினாள்.

“முழு ஊசி போட்டா அப்பவே தூங்கிடுவாருங்க ஐயா, காலைலதான் முழிப்பாரு. பாப்பா நாலு மணிக்கு ஸ்கூல்லேர்ந்து வரும். அது வர்றப்ப முழிச்சிருக்கணும், அதோட பேசணும்னு அவர்தான் பாதி போதும்னாரு. டாக்டர்கிட்டயும் கேட்டு, சரின்னப்புறம்தான் செஞ்சோம். வாய்ப்பாடு கேப்பாரு. வலி தாங்கிக்கிட்டே கேப்பாரு. பாப்பா தூங்கினப்புறம் மீதிய போடுவேன். சின்னக் குழந்தை இருக்கற வீடு, ஊசி கைக்கு எட்டக் கூடாதுன்னு பைல வெச்சுக்குவேன். மாமா அந்த நேரத்துக்குப் படுத்துடுவாரு.”

மாமா அந்த நேரத்துக்குப் படுத்துடுவாரு.

மனு தள்ளுபடி. குழந்தையை நாளை மாலைக்குள் ஒப்படைக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து இந்த நோட்டைப் பின்னால் திருப்பினேன். ஜூலை 10. என் கையெழுத்துதான். குழந்தை எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். ஒரு எழுத்துப் பிசகாமல் எழுதியும் வைத்திருக்கிறேன். எழுதிவிட்டு, யாரோ சொல்லிக் கொடுத்தது என்றும் எழுதியிருக்கிறேன்.

அவள் திருடவில்லை. யாரும் திருடவில்லை. அவன் வலி அவன் கேட்டு வாங்கிய வலி. பத்து மாதமா யாரைடா திட்டிக்கிட்டிருந்தேன் நான்?


ஆகஸ்ட் 5, செவ்வாய்

கிரேஸி பையை அடுக்கினாள். இருமல் மருந்து, காது மருந்து. டோரதி என் எதிரில் வந்து நின்றாள்.

“தாத்தா, நீங்க தோத்துட்டீங்களாமே?”

“ஆமாம்.”

“எந்தப் பாடத்துல?”

என் பாடத்தில்தான் என்றேன். அப்ப மறுபடியும் எழுதலாம் என்றாள்.


ஆகஸ்ட் 12, செவ்வாய்

காசிநாதன் வந்திருந்தான். பரிசோதனைக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். “கையெழுத்துப் போட்டவர் அங்கேயேதான் இருக்காரு சார். வெளிய போனது நான் ஒருத்தன்.” அதில் பிழை இல்லை. மூன்று அறிக்கையிலும் படிக்காமல் கையெழுத்திட்ட அந்த மனிதர் இன்று நாலாவதில் கையெழுத்திட்டுக்கொண்டிருப்பார்.

அவனை மறுபடி என் லேபில் சேர்த்துக்கொள்ளும்படி முதலாளிக்கு எழுதினேன். பஸ் கம்பெனிக்கும் அந்தத் திமிரிக் கண்டக்டரைப் பற்றி ஒரு கடிதம், ரிஜிஸ்டர் தபாலில்.


ஆகஸ்ட் 22, வெள்ளி

பஸ் கம்பெனியிலிருந்து பதில் இல்லை. மறுபடியும் எழுதினேன்.


ஆகஸ்ட் 27, புதன்

ஒரு கார்டு. மூன்றே வரி. ‘மாமா அவர்களுக்கு. பாப்பா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். ஞாயிறு நாலு மணிக்கு வரலாம். ஜெயசீலி.’


ஆகஸ்ட் 31, ஞாயிறு

பஸ் சீக்கிரம் சேர்ந்துவிட்டது. மூன்றே காலுக்கே பாகாயத்தில் இறங்கிவிட்டேன். நாலு என்றுதான் எழுதியிருந்தாள். எதிரே பெட்டிக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன்.

அவள்தான் கதவைத் திறந்தாள். வாங்க என்றாள். பேச வேண்டியதைப் பஸ்ஸில் தயார் செய்து வைத்திருந்தேன், நான்கு வாக்கியம். இரண்டாவதிலேயே, “பாப்பா காத்துக்கிட்டிருக்கா மாமா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மீதி இரண்டும் என்னிடமே இருக்கின்றன.

கட்டில் அதே இடத்தில். பக்கத்தில் அதே நாற்காலி. டோரதி பலகையைக் கொண்டுவந்தாள், கூடவே ஒரு எவர்சில்வர் டப்பா. மூடியைத் திறந்தாள். உள்ளே பலப்பம், நாலைந்து துண்டு.

“கைய கட்டிக்கிட்டு ஒப்பிக்கணும் தாத்தா. நீங்க பாக்கணும், கண்ண மூடக் கூடாது.”

“மூட மாட்டேன்.”

ஓராறு ஆறு. ஈராறு பன்னிரண்டு. ஆறாறு வரை வேகமாக வந்தாள். ஏழாறில் நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தாள். சமையலறையில் பாத்திரச் சத்தமும் நின்றது.

நான் சொல்லிக் கொடுக்கவில்லை. காத்திருந்தேன்.

நாற்பத்திரண்டு என்றாள்.